படிக்கத் தெரிஞ்சவங்க மட்டும்

உக்காருங்க அம்மணி, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். ஆளு வருதுன்னு எடம் புடிச்சு வெக்கலீங்க. வருசக்கணக்கா பக்கத்துச் சீட்டுல பையை வெச்சே பழகிப் போச்சு, கை தானா வெச்சுப்போடுது. தாராபுரந்தானுங்களே? நானும் அங்கதான் போறேன். சன்னலை வேணும்னா சாத்திக்கலாம், காத்து மூஞ்சியில அடிக்குது.

இதுக்குள்ளயா? கேடயமுங்க. ஷீல்டு. காங்கேயத்துல ஒரு கல்யாண மண்டபத்துல இன்னைக்கு விழா வெச்சிருந்தாங்க. எங்க வட்டாரத்துல இருக்கற நடுநிலைப் பள்ளிகள்லயே வாசிப்புல மொத எடம் எங்க பள்ளிக்கூடம். நூத்துக்கு நூறு. தலைமையாசிரியை தங்கநாயகி அவர்களே மேடைக்கு வாங்கன்னு மைக்குல கூப்பிட்டாங்க. போட்டோ புடிச்சாங்க. என்ர பையனுக்கு அனுப்பி உட்டிருக்கறேன், புனேல வேலையில இருக்கறான். பார்த்துட்டான்னு நீலக் கோடு வந்துருச்சு. பதில் வரல. மீட்டிங்ல இருப்பான், பாவம்.

நீங்க போன் பேசோணும்னா பேசுங்க, நான் சும்மா இருந்துக்கறேன். இல்லீங்களா? சரி. நான் கொஞ்சம் வாயாடி, காலையில இருந்து பேசறதுக்கு ஆளு சிக்கல, அதான்.

டீச்சருன்னு பார்த்ததுமே தெரிஞ்சு போச்சுங்களா! எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வாழைக்காய் வாங்கப் போனா கடைக்காரன் எந்திரிச்சு நிக்கறான். ஊட்டுக்காரர் இருந்தப்பக்கூட சொல்லுவாரு, உன்கூட பேசறப்ப நான் கையைக் கட்டிக்கோணும் போல இருக்குதுன்னு. கேலிக்குச் சொல்லுவாருங்க. அவரு போயி அஞ்சாறு வருசமாச்சு.

எங்க பள்ளிக்கூடம் இந்த ரோட்டுலதான், குருக்கபாளையம் பிரிவுல எறங்கி உள்ளே போகோணும். ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும். நான் போன புதுசுல வராந்தாவுலகூட வகுப்பு நடக்கும், அத்தனை குழந்தைங்க. அப்பறம் இந்த மஞ்ச வேனு வர ஆரம்பிச்சுதுங்க. காலையில எட்டு மணிக்கு வேன் வந்து ஆரன் அடிச்சா, ஊருக்குள்ள டை கட்டுன குழந்தைங்க வரிசையா ஏறும். காடு தோட்டம் இருக்கறவங்க ஊட்டுக் குழந்தைங்க மொதல்ல போச்சு. பொறகு கடை வெச்சிருக்கறவங்க. பொறகு கட்டட வேலைக்குப் போறவங்ககூட கடனை வாங்கி வேன்ல ஏத்தி உட்டாங்க. நம்மகிட்ட மிஞ்சுனது காலனிக் குழந்தைங்க மட்டுந்தான். இலவசமா புஸ்தகம், செருப்பு, சோறு, முட்டை, எல்லாம் தர்றாங்க. யாரு மதிக்கறாங்க சொல்லுங்க? ஊருல இருக்கற பள்ளிக்கூடத்தை ஊருக்காரனே மதிக்கலைன்னா எப்படி?

என்ர பையனுங்களா? அவன் ஈரோட்டுல மெட்ரிகுலேசன்ல படிச்சானுங்க, ஆஸ்டல்ல இருந்து. அது வேற விசயமுங்க. நான் டீச்சரு, எந்தப் பள்ளிக்கூடம் நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?

மே மாசம் ஆச்சுன்னா நாங்க நோட்டீசைத் தூக்கிக்கிட்டு ஊடு ஊடாப் போவோமுங்க. உங்க குழந்தையை எங்க பள்ளிக்கூடத்துல சேருங்கன்னு. நானும் மேகலாவும். மேகலா எங்க தமிழ் டீச்சரு. இன்னும் ரெண்டு பேரு இருக்கறாங்க, அவங்க வண்டியில வந்து வண்டியில போறவங்க, பெல் அடிச்சா ஆளைப் பார்க்க முடியாது. எனக்குன்னு இருந்தது மேகலாதான். என்னை விட பதினஞ்சு வயசு சின்னவ. அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. ஒருக்கா ஒரு ஊட்டுல அந்தாளு கேட்டாரு, ஏனுங்க டீச்சர், உங்க பையன் எங்கங்க படிச்சான்னு. நான் பதில் சொல்றதுக்குள்ள மேகலா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அக்கட்டால போயிட்டா. அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

மில்லுக்குப் போலாங்க்கான்னு சொன்னவளும் அவதான். எங்க பள்ளிக்கூடத்துக்கு அந்தாண்ட வாய்க்காலைத் தாண்டுனா ஒரு நூல் மில்லு இருக்குது. வேலைக்கு எல்லாம் ஒடிசா, பீகாருல இருந்து வந்தவங்க. குடும்பத்தோட லைன் ஊட்டுல இருக்கறாங்க. அந்தக் குழந்தைங்க நாள் முழுக்க வாசல்ல கெடக்கும். நம்மளுக்கு பாசை தெரியாதே மேகலா, அதுகளை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு நான் கேட்டேன். அவ கேக்கல. வா, உக்காரு, சாப்பிட்டயா, இந்த மூணையும் அவங்க பாசையில கத்துக்கிட்டு வந்துட்டா. இது போதுங்க்கா, மீதியை அதுக நம்மகிட்ட கத்துக்கும்னா.

வந்துச்சுங்க. ஒண்ணு வந்து, நாலு வந்து, அப்பறம் காலையில வாய்க்கால் கரையில வரிசையா வரும், மூத்தது இளசை இடுப்புல தூக்கிக்கிட்டு. பள்ளிக்கூடத்துல பாதி அதுகதான். காலனிக் குழந்தைங்க பாதி, மில்லுக் குழந்தைங்க பாதி. சத்துணவுக்கூடத்துல வந்து பார்த்தா தமிழு, ஒடியா, இந்தி எல்லாம் ஒரே சத்தமா இருக்கும். மேகலா அதுகளோடயே தட்டை வெச்சுக்கிட்டு ரெண்டு வாய் தின்னுட்டு, அப்பறம் என்கூட வந்து டிபன் பாக்ஸைத் தொறப்பா. நானும் வித்தியாசம் பார்க்கறவ இல்லீங்க. என்ர டம்ளரை மட்டும் பீரோவுல தனியா வெச்சுக்குவேன். அது சுத்தத்துக்கு.

அதுல சஸ்மிதான்னு ஒரு புள்ளை. ஒடிசாக்காரப் புள்ளை, ஆறாவது. வயசுக்கு மீறுன வளர்த்தி. நான் பஸ் எறங்கி வர்றப்ப பிரிவுலயே நின்னுக்கிட்டு இருக்கும். என்ர பையைப் புடுங்கிக்கிட்டு முன்னால ஓடும். பேச்சுல கெட்டிக்காரி. வாயைத் தொறந்தா தமிழ் ஒழுகும், காலனிப் புள்ளைகளோட சண்டை போடறதுகூட சுத்தமான தமிழ்ல. புஸ்தகத்தைத் தொறந்தா மட்டும் வாய் ஒட்டிக்கும். அம்மான்னு படிக்கறதுக்கு அது படற பாடு இருக்குதே! ஒவ்வொரு எழுத்தா உள்ளங்கையில எழுதிப் பார்த்து, ஒதட்டை அசைச்சு, எச்சிலை முழுங்கி, அப்பறந்தான் சொல்லும். அதுக்குள்ள பெல் அடிச்சிரும். அந்த மாதிரி பதினஞ்சு, பதினாறு இருந்துச்சுங்க. வந்து கொஞ்ச நாள்தானே ஆச்சுங்க்கா, வந்துரும்னு மேகலா சொல்லுவா.

அவளுக்கு வந்துரும். மீட்டிங்குக்குப் போறது யாரு? நானு.

மாசத்துக்கு ஒருக்கா எல்லா தலைமையாசிரியர்களையும் உக்கார வெச்சு, திரையில போட்டுக் காட்டுவாங்க, எந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை சதவீதம் குழந்தைங்க தமிழ் வாசிக்குதுன்னு. போன வருசம் எங்களுதுதான் கடைசி. செவப்புல காட்டுனாங்க. எந்திரிச்சு நில்லுங்கன்னு சொன்னாரு அந்த ஆபீசரு. என்ர பையன் வயசு இருக்கும் அவருக்கு. நான் எந்திரிச்சு நின்னேனுங்க. முப்பது வருசத்துக்கு மேல மத்தவங்களை எந்திரிக்கச் சொன்னவ. ஒருத்தரும் என்னைப் பார்க்கல, எல்லாரும் குனிஞ்சு பேனாவை நோண்டிக்கிட்டிருந்தாங்க. பாதிக் குழந்தைங்களுக்கு வேற தாய்மொழிங்க சார்னு சொன்னேன். காரணம் கேக்கலீங்கம்மா, சதவீதம் கேட்டேன்னாரு. அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி மேகலாகிட்ட அழுதேன். அவதான் பேசிப்பேசி தூங்க வெச்சா.

அந்த மீட்டிங்குல டீ குடிக்கறப்ப பக்கத்துப் பள்ளி தலைமையாசிரியர் ஒருத்தரு சொன்னாரு. ஏனுங்க டீச்சர், நீங்க என்ன வெவரம் தெரியாம இருக்கறீங்க? ஆபீசருங்க பார்வைக்கு வர்ற அன்னைக்கு படிக்காததுகளை எதுக்கு உக்கார வெக்கறீங்க? வந்ததைத்தானே கேப்பாங்க, வராததையா கேப்பாங்கன்னாரு. சுத்தி நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க. எல்லாரும் பண்றதுதானுங்க. ஆரும் வெளிய சொல்றதில்லை, அவ்வளவுதான். நான்தான் இத்தனை காலம் ஏமாளியா இருந்திருக்கறேன்.

இந்த ஆடி மாசத்துல ஒரு நா சாயங்காலம் போன் வந்துச்சு. நாளைக்கு உங்க பள்ளிக்குப் பார்வைக்கு வர்றாங்க, தயாரா இருங்கன்னு. எதுக்குன்னு அவங்க சொல்லல, நானும் கேக்கல. பார்வைன்னா வாசிப்புதானே? வேற என்ன பார்க்கப் போறாங்க? வீட்டுக்குப் போற பெல் அடிக்கறதுக்கு முன்னால எல்லாத்தையும் வேப்பமரத்தடியில நிக்க வெச்சுச் சொன்னேன். நாளைக்கு பெரிய ஆபீசருங்க வர்றாங்க. எழுத்துக் கூட்டாம படிக்கத் தெரிஞ்சவங்க மட்டும் வந்தாப் போதும். மத்தவங்க வர வேண்டாம். படிக்க வந்தப்பறம் வாங்கன்னு சொன்னேன். கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன், இல்லாட்டி காதுல வாங்காதுங்க குழந்தைங்க.

மேகலா பக்கத்துல வந்து மெல்ல சொன்னா, வேண்டாங்க்கா, எல்லாமே வரட்டும், கடைசியா நின்னா நின்னுட்டுப் போறோம்னு. நீ மீட்டிங்ல நின்னதில்ல மேகலான்னு சொன்னேன். மில்லுக் குழந்தைங்க போறப்ப ஒவ்வொண்ணோட தலையையும் தொட்டுத் தொட்டு அனுப்பிக்கிட்டிருந்தா. அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் நாடகம் ஜாஸ்திங்க.

மறுநா ரெண்டு பேரு வந்தாங்க. நான் மொத பெஞ்சுல நல்லாப் படிக்கறதுகளா உக்கார வெச்சு, புஸ்தகத்தைத் தொறந்து வெச்சிருக்கறேன். வந்தவங்க புஸ்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கல. வாசல்ல நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தலையை எண்ணுனாங்க. ஒவ்வொரு வகுப்பா எண்ணுனாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. என்னன்னா, எத்தனை குழந்தைங்களோ அதுக்குத் தக்க மாதிரிதான் டீச்சரு. ஆடி ஆவணி ஆனா அதைக் கணக்கு எடுப்பாங்க. வழக்கமா பதிவுல இருக்கறதை எடுத்துக்குவாங்க. எங்கயோ ஒரு பள்ளிக்கூடத்துல ஆளே இல்லாம பேரை மட்டும் சேர்த்து வெச்சுட்டாங்களாமா, அதனால இந்த வருசம் நேர்ல வந்து எண்ணறாங்க.

மத்தவங்க எங்கீங்கம்மான்னு கேட்டாங்க. காய்ச்சலுங்கன்னேன். இத்தனை பேருக்குமான்னாரு. ஆமாங்க, ஊரெல்லாம் பரவுது, மில்லுப் பக்கம் தண்ணி சரியில்லைன்னேன். சொல்றப்பவே ஜன்னல் வழியா பார்க்கறேன், மேகலா ஓடறா. செருப்புக்கூடப் போடல. வாய்க்கால் கரையில ஓடறா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, சின்னப் புள்ளை மாதிரி. நான் ஆபீசருங்களுக்கு டீ போடச் சொன்னேன், முறுக்கு வெச்சேன், பள்ளிக்கூடத்துத் தோட்டத்தைக் காட்டுனேன். வேணாங்கம்மா, இன்னும் நாலு பள்ளிக்கூடம் போகோணும்னு கெளம்பிட்டாங்க. ஜீப் பிரிவுக்குப் போயித் திரும்புது, மேகலா வர்றா. இடுப்புல ஒண்ணு, கையில ரெண்டு, பின்னால சஸ்மிதா, அவ்வளவுதான் கெடைச்சுதாமா. மத்தது எல்லாம், ஷிப்டு இல்லாத நாள்ல கூலிக்குப் போற அப்பன் ஆத்தாளோட வெங்காயக் காட்டுக்குப் போயிருச்சு. சும்மாதானே இருக்குதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. பள்ளிக்கூடத்துல வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு குழந்தைங்க சொல்லிருக்குது.

நான் அவளைத் திட்டுனேனுங்க. ஆபீசருங்க முன்னால இப்படி வெறுங்காலோட ஓடுனா பள்ளிக்கூடத்துக்கு என்ன மரியாதைன்னு. அவ மூச்சு வாங்கிக்கிட்டே தண்ணி குடிச்சா. அவசரத்துல என்ர டம்ளரை எடுத்துட்டா. நான் ஒண்ணும் சொல்லலீங்க.

அன்னைக்கு சாயங்காலம் பஸ்ஸுல, இதே மாதிரி சீட்டுல உக்காந்துதான் கேட்டா. அக்கா, நாளைக்கே ஆபீசுக்குப் போயி உள்ளதைச் சொல்லிருங்க. வாசிப்புப் பார்வைன்னு நெனச்சு நான்தான் வர வேண்டாம்னேன், இன்னொருக்கா வந்து எண்ணுங்கன்னு சொல்லுங்க. நானும் கூட வர்றேன், குழந்தைங்களையும் கூட்டிட்டுப் போலாம். ஒரு டீச்சர் அதிகம்னு எழுதிட்டாங்கன்னா நான்தான் போகோணும், சர்வீசுல சின்னவ நான்தான்னா. கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா.

நீங்களே சொல்லுங்க அம்மணி. நான் எப்படிப் போயிச் சொல்றது? படிக்காத குழந்தைங்களை ஒளிச்சு வெச்சேன்னு என்ர வாயாலயே சொல்றதா? ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு ஆகப் போறவ. இத்தனை காலம் ஒரு கறை இல்லாம வந்துட்டேன். காய்ச்சல்னு வேற சொல்லிப்போட்டேன். மேகலாவுக்கு என்ன, இந்தப் பள்ளிக்கூடம் இல்லாட்டி இன்னொரு பள்ளிக்கூடம். சம்பளம் அதேதான். அவளை ஒண்ணும் வேலையை விட்டா தூக்கப் போறாங்க? அதையேதான் அவகிட்டயும் சொன்னேன். சரிங்க்கான்னு கையை எடுத்துக்கிட்டா. தாராபுரம் வர்ற வரைக்கும் சன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தா. தலைவலி போல இருக்குது.

மேகலாவுக்கு மாத்தல் ஆர்டர் வந்துருச்சுங்க. பக்கத்துலயேதான் போட்டாங்க, மில்லுக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடம். கடைசி நாள் அவளுக்கு நான் ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடுத்தேன், நல்ல அரக்குக் கலரு. வாங்கிக்கிட்டா. குழந்தைங்க அழுதுச்சு. அவ என்ர கால்ல உழுந்து எந்திரிச்சா, வர்றேங்க்கான்னா. பாருங்க, இன்னும் ஒரு நா அந்தச் சேலையைக் கட்டி நான் பார்க்கல. இன்னைக்கு விழாவுக்கு வந்தப்பக்கூட பருத்திச் சேலைதான். விசேசத்துக்குன்னு வெச்சிருப்பா.

இன்னொண்ணு சொல்றேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இதே பஸ்ஸுதானுங்க போகுது. எங்க பிரிவுக்கு அடுத்த ஸ்டாப்பு. நான் பாட்டுக்கு மறுநா காலையில சீட்டுப் புடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், ஆளைக் காணோம். ஸ்கூட்டர் வாங்கிட்டாளாமா! வண்டின்னா பயப்படுவா, பின்னால உக்காரக்கூட மாட்டா. நாப்பது வயசுக்கு மேல போயி வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு, இந்த லாரி ஓடற ரோட்டுல, என்ன அவசரமோ தெரியல. ரெண்டு மூணு நா பஸ்ஸை முந்திக்கிட்டுப் போறதைப் பார்த்தேன். சன்னல் வழியா கையைக் காட்டுனேன். ஓட்டறப்ப திரும்பிப் பார்க்க முடியாதில்லீங்களா.

மில்லுக் குழந்தைங்களும் அப்படித்தான். ஒரு நாளைக்குத்தானே நான் வர வேண்டாம்னேன்? ஒண்ணு ரெண்டு வந்துச்சு, மத்ததைக் காணோம். நானே ஒரு நா லைன் ஊட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஓடிப்போயிக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிச்சு. அப்பறம் மில்லு மேஸ்திரி வந்து எல்லாத்துக்கும் டி.சி. கேட்டாரு. மேகலா டீச்சர் பள்ளிக்கூடத்துலயே சேர்த்துக்கறாங்கன்னாரு. அப்ப பாருங்க! நான் வளர்த்து உட்டவ, என்ர குழந்தைங்களையே இழுத்துட்டுப் போயிட்டா. நான் வாயைத் தொறந்து ஒண்ணும் கேக்கல. கேக்கற ஆளு நான் இல்லீங்க.

இப்ப எங்க பள்ளிக்கூடத்துல எல்லாமே படிக்கும். கொஞ்சந்தான் இருக்குது, ஆனா அத்தனையும் கடகடன்னு படிக்கும். செப்டம்பர்ல வாசிப்புப் பார்வைக்கு வந்தாங்க, நெசமாவே வாசிப்புக்குத்தான். ஒருத்தரும் திக்கல. நூத்துக்கு நூறு எப்படி வருதுன்னு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. கட்டுப்பாடுங்க. வேறென்ன?

மத்தியானந்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்குது. பொய் எதுக்குச் சொல்லோணும்? டிபன் பாக்ஸைத் தொறந்து வெச்சா, எதுத்தாப்புல நாற்காலி காலியா கெடக்குது. கொழம்புல உப்பு பத்தலைன்னாக்கூட சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. ஒரு நா தட்டை எடுத்துக்கிட்டுப் போயி குழந்தைங்களோட சத்துணவுக்கூடத்துல உக்காந்து பார்த்தேன். அதுவரைக்கும் சளசளன்னு பேசிக்கிட்டிருந்ததுக எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு கம்முனு உக்காந்துருச்சு. சாப்பிடுங்க சாமின்னேன். சாப்பிட்டுச்சு, மூச்சுச் சத்தம்கூட இல்லாம. பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். ஊட்டுக்குப் போனாலும் அப்படித்தான். டிவியைப் போட்டு உடறது, சத்தத்துக்கு. ஞாயித்துக்கிழமை பையன் பேசுவான், சாப்பிட்டயாம்மா, மாத்திரை போட்டயாம்மான்னு. ரெண்டுக்கும் ஆமான்னா வெச்சிருவான். சில நேரம் மாத்திரை போடலைன்னு சொல்லிப் பார்ப்பேன், இன்னும் கொஞ்சம் பேசுவானேன்னு. எனக்கு இந்தத் தனிமை தாங்கலீங்க அம்மணி. ஆருகிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்ட சொல்றேன்.

ஷீல்டு வாங்கறப்ப மேடையில இருந்து பார்த்தேன். மேகலா வந்திருக்கறா. அவ பள்ளிக்கூடத்துக் குழந்தைங்கதான் வரவேற்பு டான்ஸ் ஆடுச்சு. எல்லாம் மில்லுக் குழந்தைங்க, ஒடிசா டான்ஸு. கூட்டம் விசில் அடிச்சுது. அவங்க பள்ளிக்கூடத்துக்கு வாசிப்புல என்ன எடம் தெரியுங்களா? கடைசிக்கு முன்னால. மீட்டிங்ல அந்தத் தலைமையாசிரியரையும் இந்தத் தடவை எந்திரிக்கச் சொன்னாங்க. மேகலா அதைப் பத்தி ஒரு கவலையும் இல்லாம சிரிச்சுக்கிட்டு நிக்கறா, குழந்தைங்களுக்குத் தலை பின்னி உட்டுக்கிட்டு.

சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல போயி உக்காரலாம்னு பார்த்தேன், குழந்தைங்களோட உக்காந்துட்டா. சரி, பஸ் ஸ்டாண்டுல பேசிக்கலாம்னு வந்தேன். அங்க நின்னுக்கிட்டிருந்தா, அவங்க வேனுக்காக. சௌக்கியமாங்க்கான்னா. ம், வண்டி எல்லாம் நல்லா ஓட்டறியான்னு கேட்டேன். ஓட்டறேங்க்கான்னா. மத்தியானம் சாப்பாட்டுக்கு யாரு கூட உக்காருவேன்னு கேக்கோணும்னு நெனச்சேன். அதெல்லாம் எப்படிக் கேக்கறது?

அப்ப சஸ்மிதா கூட்டத்துல இருந்து ஓடி வந்துச்சுங்க. கண்ணுல மை, தலையில தாள்பூவு. டீச்சர், பெரிய டீச்சர்னு ஓடி வந்து என்ர பையை வாங்கப் பார்த்துச்சு. ஷீல்டு இருக்குது சாமி, கனம்னேன். அந்த நேரத்துக்கு இந்த பஸ் உள்ளே வருது. இருங்க டீச்சர்னு அது போர்டைப் பார்த்துச்சு. தா, ரா, பு, ர, ம். ஒவ்வொரு எழுத்தா. உள்ளங்கையில எழுதல இப்ப, வெரல் மட்டும் அசைஞ்சுது. தா-ரா-புரம். தாராபுரம்! உங்க பஸ் டீச்சர்னு குதிச்சுது. நல்லா நேரம் எடுத்துக்கிச்சுங்க, கண்டக்டர் விசில் ஊதிட்டாரு. ஆனா தப்பு ஒண்ணும் இல்லை, அதையும் சொல்லோணும்.

அந்தப் புள்ளை என்ர சேலையைப் புடிச்சுக்கிட்டு மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுச்சு. படிக்க வந்துருச்சு டீச்சர். இப்ப நான் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வரலாமா?

மேகலா அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டா. தோள் குலுங்குச்சு. எனக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன், வான்னு சொல்றதுக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. காலையில பிரிவுல பையை வாங்க ஒரு ஆளு நிக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. இன்னும் எழுத்துக் கூட்டித்தானே படிக்குது? மார்ச்சுல மறுபடியும் பார்வைக்கு வர்றாங்க. இத்தனை பாடுபட்டு வாங்குன நூறு, ஒரு புள்ளையால போயிருமே.

எழுத்துக் கூட்டாம படிக்க வந்தப்பறம் வா சாமின்னு தலையைத் தொட்டுச் சொல்லிப்போட்டு ஏறிட்டேனுங்க.

சரிங்க டீச்சர்னு தலையை ஆட்டுச்சு. நல்ல புள்ளை, சொன்ன பேச்சுக் கேக்கும்.